இந்தக் குறிப்பேட்டை யாரிடம் ஒப்படைப்பது? – நம் சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயா அவர்களுக்கும் சபைக் குழுவின் மூப்பர்களுக்கும்,

சென்ற ஞாயிறு ஆராதனையின் முடிவில், ஆசீர்வாதத்துக்குச் சற்று முன்பு, செயலாளர் ஓர் அறிவிப்பை வாசித்தார். வீடு சந்திப்புக் குழு இந்த மாதத்தோடு கலைக்கப்படுகிறது. ஓய்வுநாள் பள்ளி நடக்கும் பின் அறை நேரலை ஒளிபரப்புக் கூடமாக மாற்றப்படுகிறது. பிள்ளைகளுக்கான பாடம் இனிமேல் காணொலியாக வீட்டுக்கே வரும். சபைச் செய்திகள் அனைத்தும் கைப்பேசி வழியாக அனுப்பப்படும். "மாறிவரும் காலத்துக்கேற்ப" என்று தொடங்கிய அந்த அறிவிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேள்வி கேட்க இடமில்லை. ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்தோம்; நிமிர்ந்தபோது விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் இந்தச் சபையில் 31 ஆண்டுகளாக இருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்திருக்கிறேன். 19 ஆண்டுகளாக வீடு சந்திப்புக் குழுவில் இருக்கிறேன். இந்த முடிவு வரப்போகிறது என்று காதில் விழுந்தபோதே குழுவுக்கு இரண்டு கடிதங்கள் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "குழு முடிவெடுத்தாயிற்று" என்று வாசலில் வைத்துச் சொன்னார்கள். அறிவிப்பு எல்லோருக்கும் பொதுவில் வாசிக்கப்பட்டது. அதனால் என் மறுப்பையும் பொதுவிலேயே வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கேமரா வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. 2020இல் உலகம் முழுவதும் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தபோது, நேரலை இல்லாதிருந்தால் நம்மில் பலர் மாதக்கணக்கில் ஒரு பாடல்கூடக் கேட்டிருக்க மாட்டோம். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். பாடல் தொடங்கியதும் அவருடைய உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். பேச்சு நின்று ஓராண்டு ஆனவர் அவர். அந்தக் கருவிக்காக அன்று நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் அவருடைய வீட்டில் அதை இயக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பது எப்படித் தெரிந்தது? எங்கள் வீடு சந்திப்புக் குழுவின் குறிப்பேட்டில் இருந்தது. ஒளிபரப்பு அவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது ஒரு மனிதரின் கையால். நீங்கள் இப்போது கலைத்திருப்பது அந்தக் கையை.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் குழுவில் இப்போது இருப்பவர்களில் எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நீல அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு அது. முதுகு பிய்ந்து இரண்டு முறை துணி ஒட்டியிருக்கிறோம். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பச்சை மையால் எழுதுவார். அதற்கும் முன் இருந்தவரின் எழுத்து பென்சிலில் மங்கிப்போயிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். "வலது காது கேட்காது, இடப்பக்கம் உட்கார்ந்து வாசிக்கவும்." "மகன் வெளிநாடு. அவனைப் பற்றி முதலில் கேட்க வேண்டாம், அவராகச் சொல்வார்." "திருவிருந்துக்கு வர வெட்கப்படுகிறார், காரணம் கேட்கவில்லை, மறுபடியும் போக வேண்டும்." அந்தக் கடைசிக் குறிப்புக்குக் கீழே அதே மாதத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. நான்காவது தேதிக்குப் பக்கத்தில் "வந்தார்" என்று ஒற்றைச் சொல்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் "மறுசீரமைப்பு" என்று சொல்லி எங்கள் சந்திப்புகளை நிறுத்தி வைத்தீர்கள். அதன் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்ல அவருடைய அனுமதி பெற்றிருக்கிறேன்.

இடப்பக்க வரிசையில், மூன்றாவது பெஞ்சில், சன்னலோரம் உட்காரும் ஓர் அம்மா இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர், தனியாக வாழ்கிறவர். ஏழு ஞாயிறுகள் அந்த இடம் காலியாக இருந்தது. நானும் கவனித்தேன், மகளின் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கிருக்கிறது. எட்டாவது வாரம் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து, பகலில் மட்டும் வரும் ஒரு பணிப்பெண்ணின் துணையோடு கிடந்தார்கள். நம் சபையிலிருந்து ஒருவரும் போயிருக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர்கள்தான் என்னைத் தேற்றினார்கள். பிறகு கைப்பேசியை எடுத்துக் காட்டிச் சொன்னார்கள்: "தினமும் ஒரு வசனம் வருகிறதம்மா. ஆள்தான் வரவில்லை."

அந்தச் செய்திகளுக்கு நடுவே, சபையின் பெயரில், மணநாள் வாழ்த்து ஒன்று இருந்தது. இருவர் பெயரும் போட்டு, பூங்கொத்துப் படத்தோடு. அவர்களுடைய கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அடக்க ஆராதனையை நடத்தியது இதே சபைதான். குறிப்பேட்டில் அதே தேதிக்கு நேரே என் கையெழுத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? "இந்த நாளில் கட்டாயம் போக வேண்டும். தனியாக இருப்பார்கள்."

ஐயா, இயந்திரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அது தனக்குக் கொடுத்த பட்டியலை வாசித்தது. இறந்துபோனவரின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று அறிந்திருந்த மனிதர்களை வேலையிலிருந்து எடுத்தீர்கள். அதுதான் என் குற்றச்சாட்டு.

"சபை வளர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்" என்று மூப்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய ஆர்வத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சபை எப்படி வளர்ந்தது, எப்படிப்பட்ட காலங்களில் தாக்குப்பிடித்தது என்று நாம் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததே இல்லை. நான் படித்தவற்றில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1742ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. எப்படி அடைப்பது என்று பேச உட்கார்ந்தார்கள். ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, எல்லோரும் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் தீரும் என்றார். எத்தனையோ பேருக்கு அதற்கும் வழியில்லையே என்று கேட்டார்கள். "மிக ஏழ்மையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் கொடுக்கிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பேற்றார்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்ட வேண்டியதாயிற்று.

காசு வாங்கப் போனவர்கள் வீடுகளுக்குள் இருந்ததைப் பார்த்தார்கள். யார் மனம் தளர்ந்திருக்கிறார், யார் வழி தவறிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லி உணர்ந்தார். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற அந்த வகுப்புக் கூட்டமே மெதடிஸ்ட் சபைகளின் முதுகெலும்பாக ஆயிற்று. தொழிற்சாலைகள் எழும்பி, கிராமத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து, பழைய உறவுகள் எல்லாம் சிதறிய காலம் அது. அந்தச் சிதறலில் ஒரு மனிதனைப் பெயர் சொல்லித் தேடி வந்த ஏற்பாடு அது. அவர்கள் கட்டடக் கடனுக்காக வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள். நாமோ கட்டடத்துக்குள் ஒரு கூடம் அமைப்பதற்காக வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறோம்.

இன்னொன்று, ஜப்பானில் நடந்தது. 1614இல் அங்கே கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1640களின் நடுவில் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். ஆலயம் இல்லை, குரு இல்லை, அச்சிட்ட புத்தகம் இல்லை. தெய்வ உருவங்களைக் காலால் மிதித்துக் காட்டும்படி அதிகாரிகள் ஊர் ஊராகச் சோதித்தார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அப்படியே கழிந்தது. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில், வெளிநாட்டினருக்காகப் புதிதாகக் கட்டியிருந்த ஆலயத்துக்கு உராகாமி கிராமத்திலிருந்து சில எளிய மக்கள் வந்தார்கள். தங்கள் நெஞ்சும் அவருடைய நெஞ்சும் ஒன்றே என்று பெத்திஷான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் மெதுவாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் இருந்தது பிறகு தெரிந்தது.

எப்படிக் காத்தார்கள்? அந்தக் கிராமத்தில் மூன்று பொறுப்புகள் இருந்தன. ஒருவர் திருநாள் கணக்கைக் காத்தார். ஒருவர் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மற்றொருவரின் வேலை, வீடு வீடாகப் போய்ச் செய்தியைச் சொல்லி, அங்கிருந்து கேட்டும் வருவது. மூவரும் குடியானவர்கள். ஜெபங்கள் வாய்வழியாகப் பிள்ளைகளுக்குப் போயின. பிள்ளைக்குக் கற்பிப்பதும் வீடு தேடிப் போவதும் மட்டும் மிஞ்சியிருந்த சபை, இரண்டு நூறு ஆண்டுகளைக் கடந்து வந்தது. நம் அறிவிப்பு நிறுத்தச் சொல்லும் இரண்டும் அவைதான்.

இதனால், பழையது எல்லாம் புனிதம் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். நான் கட்டிக்காக்க நினைக்கும் ஓய்வுநாள் பள்ளியே ஒரு காலத்தில் புதுமைதான். 1780இல் இங்கிலாந்தின் க்ளௌஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதே நோக்கம். ஓய்வுநாளில் பள்ளி நடத்துவது பாவம் என்றவர்களும் இருந்தார்கள். ஆராதனையில் பாடல் பாடுவதற்கே எதிர்ப்பு இருந்ததுண்டு. லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1670களில் அதைக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் திணிக்கவில்லை. முதலில் திருவிருந்தின் முடிவில் மட்டும், சில ஆண்டுகள் கழித்து நன்றி செலுத்தும் நாட்களில், பிறகுதான் ஞாயிறுதோறும். மொத்தம் ஏறத்தாழ 20 ஆண்டுகள். அப்போதும் பாடலைப் பிரசங்கத்துக்குப் பின் கடைசியில் வைத்தார்கள், மனம் ஒப்பாதவர்கள் எழுந்து போக வசதியாக. அப்படியும் சிலர் பிரிந்துதான் போனார்கள். இவ்வளவு பொறுமை காட்டியும் வலி இருந்தது என்றால், ஒரு நிமிட அறிவிப்பில் எவ்வளவு வலி இருக்கும் என்று யோசியுங்கள்.

இனி நான் கேட்க வந்த முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த முடிவை எடுக்கும்போது யாரைக் கேட்டீர்கள்?

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் நாம் பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சபை வேகமாகப் பெருகிய நேரம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. பன்னிருவர் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தி விசாரணையை ஒப்படைத்தார்கள் என்று அந்தப் பெயர்கள் எண்ண வைக்கின்றன. அதற்குப் பின் வரும் ஏழாம் வசனம்தான் எருசலேமில் சீஷர்களின் தொகை மிகவும் பெருகியது என்று சொல்கிறது. வளர்ச்சியைப் பற்றிப் பேசும் நாம் அந்த வரிசையைக் கவனித்ததுண்டா? விட்டுப்போன விதவைகளின் குறை தீர்ந்தது முதலில் வருகிறது. பெருக்கம் அதற்குப் பின்னால் வருகிறது.

பதினைந்தாம் அதிகாரத்திலும் ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகள் வாசித்தும் இந்த மாதம்தான் அது என் கண்ணில் பட்டது. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்ற பெரிய வழக்கு. சபை சந்தித்த மாற்றங்களிலேயே அதைவிடப் பெரியது உண்டா என்று தெரியவில்லை. மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், யாக்கோபு முடிவைச் சொன்னார். எல்லாம் எழுதி அந்தியோகியாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். கடிதம் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பினார்கள், அதே காரியங்களை வாய்மொழியாகவும் சொல்வதற்கு. அவர்கள் அங்கே சில காலம் தங்கவும் செய்தார்கள். மக்களின் வாழ்க்கையை மாற்றப்போகும் ஒரு செய்தியோடு இரண்டு முகங்களும் போக வேண்டும் என்று அன்றைய மூப்பர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் சபையில் கேட்காமல் விட்டதால் என்ன இழப்பு என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் ஓய்வுநாள் பள்ளி வகுப்புக்கு ஒரு சிறுவன் வந்தான். ஆறு வயது. வீட்டில் பெரிய சண்டை நடந்து, தந்தை பிரிந்து போயிருந்தார். வந்த முதல் நாளே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டால் வரமாட்டான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு மாதம் மேசைக்கு அடியிலிருந்தே பாடம் கேட்டான். வண்ணப் பென்சில்களை ஒவ்வொன்றாகக் கீழே நீட்டுவேன். சின்னக் கை வந்து வாங்கிக்கொள்ளும். ஒரு ஞாயிறு, கெட்ட குமாரன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தகப்பன் தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிவந்தான் என்ற இடத்தில், மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "அந்த அப்பா தினமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா?" என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த வாரம் அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

இன்று நம் ஆராதனையை ஒளிபரப்பும் கேமராவை இயக்குகிற தம்பி அவன்தான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காணொலிப் பாடம் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்குமா என்று கேட்டபோது அவனே சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் இன்னொன்றும் சொன்னான். கருவிகளுக்குப் பின் அறை முழுவதும் தேவையே இல்லையாம். மாடியில் பாடகர் குழுவுக்குப் பின்னால் இருக்கும் மூலையே போதுமாம். ஆலயம் முழுவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியுமாம். வாரந்தோறும் அந்த வேலையைச் செய்கிறவன் அவன். குழுவில் ஒருவராவது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பிள்ளைகள் தங்கள் அறையை இழக்க வேண்டியிருக்காது. அவனுக்கு வயது 24. இளைஞர்களுக்காகவே இந்த மாற்றம் என்கிறீர்கள். ஆனால் குழுவில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை.

வீடு சந்திப்புக் குழுவில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொன்னவர்கள் எங்களிலும் இருந்தார்கள். அதனால் மனம் நொந்து ஒரு குடும்பம் சபையை விட்டே போய்விட்டது. அவர்கள் பக்கத்தைக் கிழிக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறேன். எங்களில் பலருக்கு வயதாகிவிட்டது, படியேற முடிவதில்லை என்பதும் உண்மை. புதியவர்களைச் சேர்க்க நாங்கள் போதிய முயற்சி எடுக்கவில்லை. இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லித் திருத்தச் சொல்லியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்பேன்.

"நேரலையை நானூறு பேர் பார்க்கிறார்கள்" என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பார்க்கட்டும், இன்னும் பெருகட்டும். அந்த நானூறில் ஒருவருக்காவது திருவிருந்து கொண்டுபோனோமா? ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டால் நமக்குத் தெரியுமா? மூன்றாவது பெஞ்சு காலியாக இருந்தபோதே ஏழு வாரம் நமக்குத் தெரியவில்லை.

ஆகவே, நான் உங்களிடம் கேட்பவை இவை.

முழுச் சபைக் கூட்டம் கூடி முடிவு செய்யும்வரை பின் அறையில் ஒரு ஆணியும் அடிக்காதீர்கள். அந்தக் கூட்டத்தை ஆறு வாரங்களுக்குள் கூட்டுங்கள்; ஒலிவாங்கியைக் குழுவினரின் மேசையில் மட்டும் வைக்காமல் நடுவிலும் ஒன்று வையுங்கள். வர முடியாதவர்களின் வீடுகளுக்கு முன்கூட்டியே இருவர் இருவராகப் போய், அவர்கள் சொல்வதை எழுதி வந்து கூட்டத்தில் வாசியுங்கள். புதிய கூடத்துக்கான செலவு மதிப்பீட்டை அதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாடி மூலையைப் பற்றி அந்தத் தம்பியை அழைத்துக் கேளுங்கள்.

வீடு சந்திப்புக் குழுவைத் திரும்ப அமையுங்கள். பாதிப் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கட்டும். பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவருமாகச் சேர்ந்து போகட்டும். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று ஒவ்வொருவரும் சபை முன் உறுதியெடுக்கட்டும், மீறினால் விலக்குங்கள். என் பொறுப்பை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். நேரலையைத் தொடருங்கள். நோயாலும் முதுமையாலும் வீட்டிலிருந்தே ஆராதிப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, மாதம் ஒருமுறையாவது போதகர் ஐயா அவர்களே திருவிருந்தோடு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் முழுவதையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும்வரை தானாகப் போகும் வாழ்த்துச் செய்திகளை நிறுத்துங்கள். அந்த அம்மாவிடம் குழுவின் சார்பில் யாராவது நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

அடுத்த தேர்தலுக்குக் காத்திராமல், குழுவில் 25 வயதுக்கு உட்பட்ட இருவருக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். விதிகளில் அதற்கு இடமில்லை என்றால், விதியைத் திருத்தும் தீர்மானத்தை அதே சபைக் கூட்டத்தில் கொண்டுவாருங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில் கேட்கிறேன். அதை வாசித்து விளக்க உங்களில் இருவர் சபை முன் வந்து நிற்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

குறிப்பேட்டை மாத முடிவுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி செயலாளர் சொல்லியிருக்கிறார். வருகிற வாரத்துக்கு அதில் நான்கு வீடுகள் குறித்திருக்கின்றன. ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை கண் அறுவை சிகிச்சை; கூட இருக்க ஆள் இல்லை. அங்கே போகப்போவது யார் என்று சொல்லுங்கள். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை அங்கத்தினர்களில் ஒருத்தி